சீட்டு, எஸ்.எம்.எஸ், ஒரு போன் நம்பர்



எங்கள் கல்லூரியில் செஞ்சுருள் சங்கம் நடத்திய ரத்ததான முகாமில் முதல் முறையாக ரத்தம் கொடுத்தேன். ஊசியை விட என்னைப் பயமுறுத்தியது அவர்கள் கொடுத்த படிவம்தான். பெயர், வயது, எடை, மஞ்சள் காமாலை வந்ததா, மலேரியா வந்ததா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போய் ஓர் இடத்தில் இப்படிக் கேட்டது: பரிசோதனையில் ஏதாவது குறை தெரியவந்தால் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டுமா? ஆம் / இல்லை.

'ஆம்' என்று டிக் அடித்தேன். போன் நம்பர் கேட்ட இடத்தில் அம்மாவின் நம்பரை எழுதினேன். பள்ளிக்கூட நாட்களிலிருந்து எந்தப் படிவம் வந்தாலும் அந்த நம்பர்தான், கை தானாகவே எழுதிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பன் அவன் அப்பா நம்பரை எழுதியிருந்தான். ஹாஸ்டலுக்கு வந்து படுத்த பிறகுதான் உறைத்தது. நாளைக்கு அந்த ரத்தத்தில் ஏதாவது இருந்தால் செய்தி முதலில் யாருக்குப் போகும்?

கொடுப்பது ரத்தமாக இருந்தாலும் சரி, பால்வினை நோய்க்கு மருந்து வாங்கப் போனாலும் சரி, கடைசியில் வந்து நிற்பது இதே கேள்விதான். யாருக்குச் சொல்வது, யார் சொல்வது, எதன் வழியாகச் சொல்வது? மூன்றுக்கும் ஒரு பெரிய சரித்திரம் இருக்கிறது. விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்கு அதில் மறக்க முடியாத ஒரு பக்கமும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். (பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

ஏன் சொல்ல வேண்டும்?

முதலில் ஒரு சின்ன விளக்கம். வெட்டை நோய் என்று ஊரில் சொல்லும் கொனோரியா ஓர் ஆணுக்கு வந்தால் எரிச்சல், சீழ் என்று பெரும்பாலும் சில நாட்களிலேயே தெரிந்துவிடும். பெண்களில் பலருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. கணவன் மட்டும் மருந்து சாப்பிட்டுக் குணமானால் மனைவியிடமிருந்து அவனுக்குத் திரும்ப வரும். அவளுக்கோ உள்ளுக்குள்ளேயே பரவி, பிள்ளைப்பேறு இல்லாமல் போகும் அளவுக்குக்கூடப் போகலாம். சிபிலிஸ் இன்னும் மோசம். கர்ப்பிணிக்கு இருந்தால் வயிற்றிலிருக்கும் குழந்தையையும் தாக்கும். அதனால் ஒருவருக்கு மட்டும் வைத்தியம் பார்ப்பது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற வேலை. துணைக்கும் சொல்லி, அவரையும் அழைத்து வந்து மருந்து கொடுக்க வேண்டும். இதைத்தான் 'துணைக்குத் தெரிவித்தல்' என்கிறார்கள்.

போலீஸ் செய்த வேலை

ஆரம்பத்தில் யாரும் யாருக்கும் தெரிவிக்கவில்லை. பிடித்துக்கொண்டு போனார்கள். இங்கிலாந்தில் ராணுவ ஊர்களுக்காக 1864-ல் ஒரு தொற்றுநோய்ச் சட்டம் வந்தது. 1868-ல் அதே மாதிரி ஒன்று இந்தியாவுக்கும் வந்தது. பாலியல் தொழில் செய்யும் பெண்களைப் பதிவு செய்து, கட்டாயமாகச் சோதித்து, நோய் இருந்தால் 'லாக் ஹாஸ்பிடல்' என்ற பூட்டிய மருத்துவமனையில் அடைத்தார்கள். சென்னை மாகாணத்திலும் இவை இருந்தன. அந்தப் பெண்ணிடம் வந்து போன சிப்பாயை இந்தச் சட்டம் தொடவே இல்லை! இங்கிலாந்தில் ஜோசபின் பட்லர் போன்றவர்கள் பல ஆண்டுகள் போராடிய பிறகு அங்கே 1886-லும் இங்கே 1888-லும் சட்டம் ரத்தானது.

இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டனில் இன்னொரு விதி வந்தது. 1942-ல் வந்த அந்த '33பி' விதிப்படி, இரண்டு நோயாளிகள் தனித்தனியாக ஒரே ஆளின் பெயரைச் சொன்னால் அவரைக் கட்டாயப்படுத்திச் சிகிச்சைக்கு அனுப்பலாம். ஆண், பெண் இருவருக்கும் பொதுவான விதிதான். ஆனாலும் மாட்டியவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

நிலைமையை மாற்றியது சட்டம் இல்லை, மருந்து. 1943-ல் அமெரிக்காவில் ஜான் மஹோனி என்ற மருத்துவர் சிபிலிஸ் நோயாளிகளுக்குப் பெனிசிலின் கொடுத்துக் குணப்படுத்திக் காட்டினார். அதுவரை 'உனக்கு நோய் இருக்கலாம்' என்று சொல்வது அவமானம் மட்டும்தான். அதற்குப் பிறகு அது உதவியாகவும் ஆனது. இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பவும் வரும்.

சீட்டு

சென்னை சென்ட்ரலுக்கு எதிரே இருக்கும் ஜி.எச்-சில் பால்வினை நோய்களுக்கென்றே ஒரு தனி நிலையம் உண்டு. ஆர்.வி.ராஜம் என்ற மருத்துவரின் காலத்தில் அது நாடறிந்த இடமாக வளர்ந்தது. அவரும் பி.என்.ரங்கையாவும் டோனோவனோசிஸ் என்ற நோயைப் பற்றி எழுதிய புத்தகத்தை 1954-ல் உலக சுகாதார நிறுவனமே வெளியிட்டது. நம்ம ஊர் டாக்டர்கள் உலகத்துக்கே பாடம் எடுத்த துறை இது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

உலகம் முழுக்க இந்த மாதிரி மருத்துவமனைகளில் இருந்த வழி எளிமையானது. நோயாளி கையில் ஒரு சீட்டைக் கொடுத்து, 'உங்கள் துணையை இதோடு வரச் சொல்லுங்கள்' என்பார்கள். நோயின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு குறியீடுதான் இருக்கும். சீட்டைக் கொண்டுவருபவரைக் கேள்வி கேட்காமல் கவனிப்பார்கள். நோயாளிக்குச் சொல்லத் தைரியம் இல்லையென்றால், அவர் சம்மதத்தோடு மருத்துவமனை ஆளே போய்ச் சொல்வதும் உண்டு.

இன்றைக்கு நம் அரசு மருத்துவமனைகளில் இருக்கும் 'சுகவாழ்வு மையம்' இந்தச் சீட்டின் பேரப்பிள்ளை. அங்கே மருந்துகள் கலர் கலரான பெட்டிகளில் வரும். சாம்பல் நிறம் சீழ் வடிதலுக்கு, பச்சை வெள்ளைப்படுதலுக்கு, வெள்ளையும் நீலமும் புண்ணுக்கு, சிவப்பு ஹெர்பிஸ் கொப்புளத்துக்கு, மஞ்சள் அடிவயிற்று வலிக்கு, கறுப்பு அரையாப்புக் கட்டிக்கு. மொத்தம் 7 பெட்டிகள். சீழ் வடிதலென்று வந்தவருக்குச் சாம்பல் பெட்டி என்றால் அவருடைய துணைக்கும் அதே சாம்பல் பெட்டிதான். நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தத் துணை வர வேண்டுமே?

சிவகாசியிலிருந்து பட்டாசு, தீப்பெட்டி, காலண்டர் லோடு ஏற்றிக்கொண்டு போகிற லாரி டிரைவரை நினைத்துப் பாருங்கள். நேரு 'குட்டி ஜப்பான்' என்று சொன்னதாக நாம் பெருமைப்படும் ஊரின் சரக்கு வட இந்தியாவின் கோடி வரை போகிறது. வழியில் எங்கோ ஒரு ஊரில் பார்த்த பெண்ணுக்கு அவர் எந்தச் சீட்டை, எந்த முகவரிக்கு அனுப்புவார்? வீட்டில் இருக்கும் மனைவிக்கு மட்டும் சீட்டு கொடுக்கலாம். அதையும் சட்டைப் பையிலேயே வைத்துத் துவைக்கப் போட்டுவிடுவார்.

இ-மெயில் வந்த கதை

சீட்டு போய்ச் சேராத இடத்துக்குக் கம்ப்யூட்டர் போகும் என்பது 1999-ல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் தெரியவந்தது. அந்த ஊரில் சிபிலிஸ் வந்த ஆண்கள் சிலர், தங்கள் துணைகளை ஏ.ஓ.எல் நிறுவனத்தின் ஒரு சாட் ரூமில் சந்தித்ததாகச் சொன்னார்கள். உண்மைப் பெயர் தெரியாது, முகவரி தெரியாது. தெரிந்ததெல்லாம் சாட்டில் வைத்துக்கொண்ட புனைபெயர்தான். யார் யார் என்று சுகாதாரத் துறை கேட்டபோது, வாடிக்கையாளரின் அந்தரங்கத்தைத் தர முடியாது என்று நிறுவனம் சொல்லிவிட்டது. அப்புறம் பிளானட்அவுட் என்ற இன்னொரு நிறுவனத்தின் உதவியோடு அந்தப் புனைபெயர்களுக்கே செய்தி அனுப்பினார்கள், சாட் ரூமிலும் எச்சரித்தார்கள். 2000-ல் அமெரிக்க மருத்துவ சங்கத்தின் இதழில் இது கட்டுரையாகவே வந்தது. பெயர் தெரியாத ஆளுக்கும் தகவல் சொல்ல முடியும் என்பது அன்றைக்குப் புதுசு.

2004-ல் அதே ஊரில் 'இன்ஸ்பாட்' என்ற தளம் வந்தது. அப்போதெல்லாம் பொங்கலுக்கும் பிறந்தநாளுக்கும் இ-கார்டு அனுப்புவார்களாமே, அதே மாதிரி! ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து, துணையின் இ-மெயில் முகவரியைப் போட்டால் 'நீங்கள் பரிசோதனை செய்துகொள்வது நல்லது' என்று கார்டு போய்விடும். பெயர் போட்டும் அனுப்பலாம், போடாமலும் அனுப்பலாம். கார்டைத் திறந்தால் நோயைப் பற்றிய விவரமும் பக்கத்தில் எங்கே கிளினிக் இருக்கிறது என்பதும் இருக்கும். 2008-ல் வெளியான கணக்குப்படி 30,000-க்கும் மேற்பட்டவர்கள் கிட்டத்தட்ட 50,000 கார்டு அனுப்பியிருந்தார்கள். அதே 2008-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் பால்வினை நல மையம் 'லெட் தெம் நோ' என்ற தளத்தை ஆரம்பித்தது. அதில் எஸ்.எம்.எஸ்-சும் அனுப்பலாம். எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்பதற்கு மாதிரி உரையாடல், மாதிரிக் கடிதம்கூட வைத்திருந்தார்கள்.

இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சியாட்டில் நகரில் இன்ஸ்பாட்டை முறையாகச் சோதித்துப் பார்த்தபோது அதைப் பயன்படுத்தியவர்கள் மிகவும் குறைவாக இருந்தார்கள். நெருங்கிய துணைக்கு நேரிலோ போனிலோ சொல்லத்தான் பலரும் விரும்புகிறார்கள். பெயர் தெரியாத கார்டு உதவுவது, வேறு எந்த வழியிலும் பிடிக்க முடியாத ஆளுக்குத்தான். விளையாட்டுக்கு யாராவது பொய்க் கார்டு அனுப்பினால் என்ன செய்வது என்ற பயமும் கூடவே இருந்தது.

நம்மூரில் நடந்தது வேறு

நம் பக்கம் திரும்புவோம். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மாணவியாக இருந்த செல்லப்பன் நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமனின் யோசனைப்படி, காப்பகத்தில் இருந்த பாலியல் தொழிலாளர்களிடம் ரத்த மாதிரி எடுத்தார். வைக்க இடமில்லாமல் தன் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்து, வேலூர் சி.எம்.சி-க்கு ரயிலில் கொண்டுபோய்ச் சோதித்தார். 6 மாதிரிகளில் எச்.ஐ.வி இருந்தது. இந்தியாவில் முதல் கண்டுபிடிப்பு, அதுவும் ஒரு மாணவி செய்தது! ஆனால் அந்தப் பெண்களுக்கு என்ன கிடைத்தது? தொற்று இருந்த பெண்கள் பலரை விடுதலை நாள் தாண்டியும் உள்ளேயே வைத்திருந்தார்கள். பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் நீதிமன்றத்துக்குப் போன பிறகுதான் கதவு திறந்தது. 1868-ன் நிழல் 1980-களிலும் விழுந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

அடுத்தது 1995. நாகாலாந்தைச் சேர்ந்த ஒரு மருத்துவர், உறவினரின் அறுவைசிகிச்சைக்காகச் சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு வந்து ரத்தம் கொடுக்கிறார். அதில் எச்.ஐ.வி தெரிகிறது. விஷயம் அவரோடு நிற்கவில்லை. நிச்சயமாகியிருந்த திருமணம் நின்றது, ஊர் முழுக்கப் பேச்சானது, அவர் ஊரை விட்டே வெளியேற வேண்டியதானது. மருத்துவமனை ரகசியத்தைக் காக்கவில்லை என்று அவர் வழக்குப் போட்டார். உச்ச நீதிமன்றம் 1998-ல் தீர்ப்பளித்தது. தீர்ப்பில் அவர் பெயர் 'எக்ஸ்', மருத்துவமனையின் பெயர் 'இசட்'. அந்தரங்க உரிமை முழுமையானது இல்லை, மணக்கப்போகும் பெண்ணின் உயிரும் ஆரோக்கியமும் அதைவிடப் பெரிது என்றது நீதிமன்றம். கூடவே அவருடைய திருமண உரிமையே நிறுத்திவைக்கப்படுகிறது என்றும் சொல்லிவிட்டது. அந்தக் கருத்து தேவையில்லாதது என்று 2002-ல் உச்ச நீதிமன்றமே திருத்தியது.

எக்ஸ் வழக்கில் அந்தப் பெண்ணுக்குத் தெரியவேண்டியது நியாயம்தான். ஊருக்குத் தெரிந்தது நியாயமா? இரண்டுக்கும் நடுவில் கோடு போட நமக்கு இன்னும் 19 வருடம் ஆனது.

2017-ல் எச்.ஐ.வி, எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கிறது. அதன் 9-ஆவது பிரிவை எல்லோரும் படிக்க வேண்டும். துணைக்குச் சொல்லும் அதிகாரம் மருத்துவருக்கும் ஆலோசகருக்கும் மட்டும்தான். அவர்களும் எடுத்தவுடன் சொல்லிவிட முடியாது. துணைக்கு உண்மையிலேயே ஆபத்து இருக்க வேண்டும், முதலில் நோயாளியையே சொல்லும்படி ஆலோசனை தந்திருக்க வேண்டும், அவர் சொல்லமாட்டார் என்று உறுதியாக வேண்டும், 'நான் சொல்லப்போகிறேன்' என்று அவருக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். சொல்லும்போது ஆலோசனைக்குப் பிறகு நேரில்தான் சொல்ல வேண்டும். நோயாளி ஒரு பெண்ணாக இருந்து, சொன்னால் அடி உதை விழும், வீட்டை விட்டுத் துரத்துவார்கள் என்ற பயத்துக்கு இடமிருந்தால் சொல்லவே கூடாது.

நேரில்! உலகம் எஸ்.எம்.எஸ்-சுக்குப் போய்ப் பத்து வருடம் ஆன பிறகு நம் சட்டம் மருத்துவரையும் ஆலோசகரையும் நேரில் போகச் சொல்கிறது. முதலில் படித்தபோது 'என்னடா இது பழைய காலம்' என்றுதான் எனக்கும் தோன்றியது. நம் மாவட்டத்தை நினைத்த பிறகு கருத்து மாறியது. பட்டாசு ஆலைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. வேலைக்குப் போகிறவர்களில் பலர் போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவார்கள். காலை 10 மணிக்கு வரும் எஸ்.எம்.எஸ்-ஸை மாமியார் பார்க்கலாம், எட்டாம் வகுப்புப் படிக்கும் பையன் சத்தமாகப் படித்தும் காட்டலாம்.

சாத்தூர், 2018

இப்போது அந்தப் பக்கம்.

2018 நவம்பர் கடைசியில் ஓர் இளைஞர் சிவகாசி அரசு மருத்துவமனையில் உறவினருக்காக ரத்தம் கொடுத்தார். உறவினருக்கு அது தேவைப்படவில்லை. டிசம்பர் தொடக்கத்தில் அந்த ரத்தம் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு ஏற்றப்பட்டது. இதற்கிடையில் வெளிநாட்டு வேலைக்காக மருத்துவப் பரிசோதனை செய்த அந்த இளைஞருக்கு எச்.ஐ.வி இருப்பது தெரிந்தது. அவர் ஒளியவில்லை. தானே மருத்துவமனைக்குத் தகவல் சொன்னார். அதற்குள் ரத்தம் ஏற்றியாகிவிட்டது.

விசாரணையில் இன்னொன்றும் வெளிவந்தது. 2016-லேயே அவர் ஒருமுறை ரத்தம் கொடுத்திருக்கிறார். அப்போதே அதில் எச்.ஐ.வி தெரிந்திருக்கிறது. அந்தத் தகவல் அவருக்குப் போய்ச் சேரவில்லை. இரண்டு வருடம் ஒரு பதிவேட்டில் கிடந்திருக்கிறது.

விஷயம் வெளியானதும் டிவி, செய்தித்தாள் எல்லாவற்றிலும் அதே பேச்சு. அந்த இளைஞர் தற்கொலைக்கு முயன்று, மதுரை ராஜாஜி அரசு மருத்துவமனையில் டிசம்பர் 30 அன்று இறந்துபோனார். ஏறக்குறைய என் வயதுதான். அந்தப் பெண்ணுக்கு 2019 ஜனவரியில் குழந்தை பிறந்தது. தாய்க்குக் கொடுத்த சிகிச்சையால் குழந்தைக்குத் தொற்று இல்லை என்று பிறகு வந்த சோதனைகள் சொல்லின. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஜூலையில் அந்தப் பெண்ணின் குடும்பத்துக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது.

எக்ஸையும் இவரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு பேரும் தமிழ்நாட்டில் அடுத்தவருக்காக ரத்தம் கொடுத்தவர்கள். ஒருவருடைய செய்தி எல்லோருக்கும் போனது. இன்னொருவருடைய செய்தி, போகவேண்டிய ஒரே ஆளுக்குப் போகாமல் இரண்டு வருடம் கிடந்து, பிறகு ஒரே வாரத்தில் ஊருக்கே போனது.

2016-ல் என்ன தேவைப்பட்டது? பெரிய தொழில்நுட்பம் எதுவும் வேண்டாம். 'ரத்த வங்கிக்கு ஒருமுறை நேரில் வாருங்கள்' என்று ஒரு எஸ்.எம்.எஸ். அதில் நோயின் பெயர் வேண்டாம், காரணம் வேண்டாம். வரவில்லையென்றால் ஒரு போன், மறுபடி ஒரு போன். வந்த பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, நம்பிக்கை மையத்தின் ஆலோசகர் எதிரில் உட்கார்ந்து மீதியைச் சொல்லியிருக்கலாம். கூட்டு மருந்து சிகிச்சை அரசு மருத்துவமனைகளில் 2004 ஏப்ரலிலிருந்தே இலவசம், முதலில் தொடங்கிய இடங்களில் தாம்பரமும் ஒன்று. ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்த நிலையிலேயே இருப்பவரிடமிருந்து உடலுறவில் தொற்று பரவுவதில்லை என்பதும் இன்று உறுதியாகத் தெரியும். பெனிசிலின் செய்த அதே மாற்றம்தான் இதுவும். தெரிவித்திருந்தால் அது அவருக்கு உதவியாக இருந்திருக்கும். தெரிவிக்காததால் அவமானம் மட்டும்தான் மிஞ்சியது.

எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: போன் 'வா' என்று கூப்பிடலாம். என்ன விஷயம் என்பதை ஒரு மனிதர்தான் சொல்ல வேண்டும். மெல்போர்னில் ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு அறை. சாத்தூரில் வீட்டுக்கு ஒரு போன். இன்ஸ்பாட்டை அப்படியே காப்பியடித்தால் இங்கே குடும்பம் உடையும், ஒன்றுமே அனுப்பாமல் இருந்தால் உயிர் போகும். கூப்பிடுவதை வேகமாகவும் சொல்வதை நிதானமாகவும் செய்வதுதான் நமக்குச் சரிப்படும். 2017 சட்டத்தை அப்படிப் படித்தால் அது பழைய சட்டமாகத் தெரியவில்லை.

பி.கு: சந்தேகம் இருப்பவர்கள் 1097-க்குப் போன் பண்ணலாம். தேசிய எய்ட்ஸ் உதவி எண், காசு கிடையாது, பெயர் சொல்ல வேண்டியதில்லை. மனசு தாங்கவில்லை, யாரிடமாவது பேசினால் போதும் என்று இருந்தால் 104 இருக்கிறது. தயவுசெய்து பேசுங்கள்.

இன்னொன்று. மறுநாள் முகாம் பொறுப்பாளர் அண்ணனைத் தேடிப் போய், 'அண்ணே, என் படிவத்தில் நம்பரை மாற்றணும்' என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. அம்மா நம்பரை அடித்துவிட்டு என் நம்பரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உங்கள் படிவத்தில் யார் நம்பர் இருக்கிறது நண்பர்களே?